எலிக்கு வலி குறைந்தது என்றால் என்ன பொருள்? நரம்பு வலி மருந்துகளின் விலங்குச் சோதனை பற்றி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரிழிவால் கால்களில் எரிச்சலும் குத்தலும் உள்ள ஒரு தாயின் மகள், ஒரு புதிய வேதிப்பொருள் எலிகளின் நரம்பு வலியை முற்றிலும் நீக்கிவிட்டது என்ற செய்தியைப் படித்திருக்கிறார். எலிக்கு வலிக்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள், அது குறைந்ததை எப்படி அளக்கிறார்கள், எலியிடம் பலித்தது மனிதரிடம் ஏன் இத்தனை முறை பொய்க்கிறது, ஆய்வுக்கென்று விற்கப்படும் அந்தப் பொருளை இப்போதே வரவழைத்துத் தாய்க்குக் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடைசிக் கேள்விக்குக் கூடாது என்பதே விடை. அதற்கான காரணம் முதல் மூன்று கேள்விகளின் விடைகளுக்குள் இருப்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். காலில் முள் குத்தினால் வருவது, நல்ல நிலையில் உள்ள நரம்பு கொண்டுவரும் செய்தி. நரம்பு வலி என்பது செய்தியைச் சுமக்கும் அந்த நரம்பே பழுதுபட்டதால் எழுவது. நீரிழிவு, அக்கி, சிலவகைப் புற்றுநோய் மருந்துகள், முதுகெலும்பில் நரம்பு நசுங்குதல், கை கால் துண்டிக்கப்படுதல் என்று இதற்குக் காரணங்கள் பல. நோயாளிகள் சொல்லும் குறைகளும் பல: எதுவும் படாமலேயே எரிவது, மின்சாரம் பாய்வதுபோலச் சுண்டுவது, போர்வை உரசினாலே தாங்கமுடியாமல் போவது, அதே இடத்தில் மரத்துப்போயும் இருப்பது. மரத்துப்போன இடமே வலிக்கிறது என்று சொன்னால் கேட்பவர் நம்பமாட்டார் என்று தயங்கும் நோயாளிகள் உண்டு. ஆனால் நரம்பு வலியின் மிகப் பொதுவான இயல்புகளுள் ஒன்று அதுதான்.

இந்த நிலையை எலியிடம் எப்படி உண்டாக்குவது? 1979ஆம் ஆண்டில் பாட்ரிக் வாலும் அவருடைய குழுவினரும் எலியின் காலுக்குச் செல்லும் முதன்மையான நரம்பான சியாட்டிக் நரம்பை முழுவதுமாக வெட்டிப் பார்த்தார்கள். சில நாட்களில் எலிகள் தங்கள் கால்விரல்களைத் தாமே கடிக்கத் தொடங்கின. அதை வலியின் அடையாளம் என்று சிலரும், உணர்ச்சியற்றுப்போன உறுப்பைத் தன்னுடையது என்று அறியாமல் விலங்கு கடிக்கிறது என்று சிலரும் வாதிட்டனர். நரம்பை முழுமையாக வெட்டாமல் பாதியளவுக்குப் பழுதாக்கும் முறைகள் பின்னர் வந்தன. 1988இல் பென்னட்டும் ஷியேயும் சியாட்டிக் நரம்பைச் சுற்றி, விலங்குக் குடலிலிருந்து செய்யப்படும் குரோமிக் தையல் நூலால் நான்கு முடிச்சுகளைத் தளர்வாகக் கட்டினார்கள். முடிச்சு இறுக்கமாக இருக்காது; நூலைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு நரம்பு வீங்கும்போதுதான் அது நெருக்கத் தொடங்கும். 1990இல் செல்ட்சரின் குழு அதே நரம்பின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை மட்டும் இறுகக் கட்டியது. 1992இல் கிம்மும் சுங்கும் முதுகெலும்புக்கு அருகில், ஐந்தாம், ஆறாம் இடுப்பு நரம்புகளைக் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் டெகோஸ்டெர்டும் வூல்ஃபும் சியாட்டிக் நரம்பின் மூன்று கிளைகளுள் இரண்டை வெட்டி, சூரல் என்ற மூன்றாவது கிளையை மட்டும் விட்டுவைத்தார்கள். வெட்டப்படாத அந்தக் கிளை சென்றுசேரும் பாதத்தின் வெளிவிளிம்பு மாதக்கணக்கில் கூர்மையான உணர்ச்சியோடு இருக்கும். அறுவை செய்பவரின் கைப்பழக்கத்தால் மாறுபடும் வாய்ப்பு இந்த முறையில் குறைவு என்பதால் இன்று பல ஆய்வகங்கள் இதையே நாடுகின்றன. தளர்வான முடிச்சு எவ்வளவு தளர்வு என்பது கட்டுபவருக்குக் கட்டுபவர் வேறுபடுமல்லவா?

அறுவையற்ற மாதிரிகளும் உண்டு. பாக்ளிடாக்செல், வின்கிரிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகளைச் சில வேளைகள் செலுத்தினால் எலிகளின் பாதம் கூருணர்ச்சி அடையும். நோயாளியிடமும் எலியிடமும் காரணம் ஒன்றே என்பதால் இவை நேர்மையான மாதிரிகள் என்பது என் கருத்து. நீரிழிவு மாதிரிதான் சிக்கலானது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற பொருளைச் செலுத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறார்கள். சர்க்கரை ஏறுகிறது, பாதம் கூருணர்ச்சி பெறுகிறது. ஆனால் அந்த எலி எடை இழந்து, ஓயாமல் நீர் குடித்து, சோர்ந்து கிடக்கும் ஒரு கடும் நோயாளி. கேட்டவரின் தாய்க்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவாக இருக்கும். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நரம்பை அரித்திருக்கும். எலியிடம் சில வாரங்களில், இன்சுலின் இன்மையால், இளம் வயதில் உண்டாக்கப்பட்ட நிலையும் இதுவும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன என்பதற்காக ஒன்றாகிவிடுவதில்லை.

இனி அளவிடும் முறைக்கு வருவோம். இந்தத் துறையின் வலிமையும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன.

மிகப் பரவலாகப் பயன்படுவது வான் ஃபிரே இழை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாக்சிமிலியன் வான் ஃபிரே என்ற ஆஸ்திரிய-ஜெர்மானிய உடலியலாளர், முடிகளைக் குச்சியில் பொருத்தி மனிதத் தோலின் தொடுவுணர்வை ஆராய்ந்தார். இன்று நைலான் இழைகள் பயன்படுகின்றன. ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில் வளைந்துவிடும் என்பதால், வளையும் வரை அழுத்தினால் அந்த விசை மட்டுமே தோலில் படும். கம்பிவலையாலான தளத்தின்மேல், ஒளிபுகும் சிறிய பெட்டிகளுக்குள் எலிகளை விட்டு, அவை பழகி அமைதியாகும் வரை காத்திருந்து, வலையின் அடியிலிருந்து பாதத்தின் நடுவில் இழையை அழுத்துகிறார்கள். எலி காலை வெடுக்கென்று இழுத்தால் அடுத்து மெல்லிய இழை. இழுக்காவிட்டால் அடுத்து தடித்த இழை. 1994இல் சாப்லானும் உடன்பணியாற்றியவர்களும் விளக்கிய இந்த ஏற்ற இறக்க முறையால், பாதி வாய்ப்பில் காலை இழுக்கவைக்கும் விசை கணக்கிடப்படுகிறது. நலமாக உள்ள எலி பொதுவாக 15 கிராம் வரை பொறுத்துக்கொள்ளும். நரம்பு பழுதான எலி 4 கிராமுக்குள்ளேயே காலை இழுக்கும். மருந்து கொடுத்தபின் அந்த எண் மீண்டும் 15ஐ நெருங்கினால், வலி முற்றிலும் நீங்கியது என்று செய்தி வருகிறது.

உண்மையில் அளக்கப்பட்டது, ஒரு நைலான் இழை படும்போது கால் எந்த விசையில் பின்வாங்குகிறது என்பதுதான். இதைச் சொல்வது ஆய்வாளர்களைக் குறை கூறுவதற்காக அன்று. அளவிடக்கூடிய ஒன்றை அவர்கள் அளக்கிறார்கள், கட்டுரைக்குள் அப்படியே எழுதவும் செய்கிறார்கள். தொடுதலுக்கான தாங்கெல்லை உயர்ந்தது என்ற வாக்கியம், கட்டுரையின் தலைப்புக்கு வரும்போது வலி குறைந்தது என்றும், செய்திக்கு வரும்போது வலி நீங்கியது என்றும் மாறிவிடுகிறது. காலை இழுக்கும் அசைவைத் தண்டுவடமே பெருமளவுக்கு நடத்திவிடும். துன்புறுதல் என்ற அனுபவம் அதற்குத் தேவையில்லை. நோயாளி மருத்துவரிடம் சொல்லும் முதன்மையான குறையோ, எதுவும் படாதபோதும் இரவு முழுவதும் எரிகிறது என்பது. தொட்டால் வலிக்கும் நிலை நரம்பு வலி நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கே உண்டு. நீரிழிவால் வந்த நரம்புச் சிதைவில் உணர்ச்சி குறைந்துபோவதுதான் அதிகம். ஆகவே, உணர்ச்சி மிகுந்த பாதமுள்ள எலியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்தை, உணர்ச்சி குன்றிய பாதத்தில் எரிச்சலுடன் இருப்பவருக்குக் கொடுக்கிறோம்.

வெப்பத்துக்கும் இதேபோன்ற சோதனை உண்டு. 1988இல் ஹார்க்ரீவ்ஸும் குழுவினரும் வெளியிட்ட முறையில், கண்ணாடித் தளத்தின் அடியிலிருந்து பாதத்தின்மீது ஒளிக்கற்றை பாய்ச்சி, கால் விலகும் வரையுள்ள நொடிகளை எண்ணுகிறார்கள். தோல் வெந்துவிடாமலிருக்க ஓர் எல்லைக்குப் பின் விளக்கு தானாக அணையும். குளிர்ச்சிக்கு ஒரு துளி அசிட்டோன். இவற்றின் குறையும் முன்னர் சொன்னதேயாகும்.

இழுத்தலை வைத்து முடிவெடுப்பதில் இன்னொரு கண்ணியும் உள்ளது. மருந்து எலியை மயக்கத்தில் ஆழ்த்தினாலோ அதன் தசைகளைத் தளர்த்தினாலோ, கால் மெதுவாகத்தான் விலகும். எண்ணில் அது வலி குறைந்ததுபோலவே தெரியும். அதனால் நல்ல ஆய்வில், சுழலும் உருளையின்மேல் எலியை நிறுத்தி அது எவ்வளவு நேரம் விழாமல் நடக்கிறது என்பதை அதே அளவு மருந்தில் தனியே பார்த்திருப்பார்கள். நரம்பு வலிக்கான மருந்துகள் பலவும் தூக்கக் கலக்கம் தருபவை என்பதால் இது சம்பிரதாயமான சோதனை அன்று. ஒரு கட்டுரையில் நான் முதலில் தேடுவது இந்தச் சோதனையின் முடிவைக் காட்டும் படத்தைத்தான். அது இல்லையென்றால் மற்றப் படங்களைப் பார்க்கும் ஆர்வம் எனக்குக் குறைந்துவிடும்.

எதுவும் படாதபோது எலிக்கு வலிக்கிறதா என்பதை அறியும் வழிகளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகவும் அறிவார்ந்தது என்று நான் கருதுவது 2009இல் ஃபிராங்க் பொரேக்காவின் ஆய்வகத்திலிருந்து வந்தது. தோற்றத்தில் வேறுபட்ட இரண்டு அறைகள். ஓர் அறையில் இருக்கும்போது எலியின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் வலிநீக்கி செலுத்தப்படும்; மற்றோர் அறையில் வெறும் உப்புநீர். பின்னர், மருந்து எதுவும் இல்லாமல், எலியைத் தன் விருப்பப்படி நடமாட விடுகிறார்கள். நரம்பு பழுதான எலி, குளோனிடின் என்ற மருந்தோ கூம்பு நத்தை நஞ்சிலிருந்து பெறப்பட்ட பொருளோ கிடைத்த அறையில் அதிக நேரம் தங்கியது; பழுதற்ற எலிக்கு அந்த விருப்பம் உண்டாகவில்லை. நலமான விலங்குக்குச் சுகம் தராத ஒரு மருந்து, பழுதான விலங்குக்கு மட்டும் நிம்மதி தருகிறது என்றால், நீங்குவதற்கு ஏதோ ஒரு துன்பம் அங்கே இருந்திருக்க வேண்டும். இந்த முறைக்கு நாட்கள் அதிகம் ஆகும், விலங்குகளும் அதிகம் தேவைப்படும். இழையால் தொட்டுப்பார்க்கும் சோதனை ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். எது அதிகமாகச் செய்யப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முகபாவத்தைப் படிக்கும் முயற்சியும் நடந்தது. 2010இல் ஜெஃப்ரி மோகிலின் குழு, கண்கள் இடுங்குதல், மூக்கும் கன்னமும் புடைத்தல், காது, மீசை ஆகியவற்றின் நிலை ஆகிய ஐந்தையும் கொண்டு சுண்டெலியின் வலியை மதிப்பிடும் அளவுகோலை வெளியிட்டது. அறுவைக்குப் பிந்தைய வலி, அழற்சி வலி ஆகியவற்றில் அது பயன்படுகிறது. ஆனால் நரம்பைப் பழுதாக்கும் மாதிரிகளில் முகம் மாறவில்லை. நாட்பட்ட வலியுள்ள மனிதரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பதில்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

அளப்பவரும் அளவின் ஒரு பகுதியாகிவிடுகிறார். எலி காலை நகர்த்தியது இழை பட்டதாலா, நடக்க நினைத்ததாலா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுப்பது ஒரு மனிதக் கண். எந்த எலிக்கு மருந்து போனது என்பது அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருந்தால், ஐயத்துக்குரிய அசைவுகளெல்லாம் விரும்பிய பக்கமே சாயும். கம்பிவலைத் தளத்தின் அடியில் குனிந்து இழையைப் பிடித்துப் பழகிய எவரும், நாற்பதாவது எலியை அடையும்போது தம் தீர்ப்பு முதலாவது எலியின்போது இருந்ததுபோல இல்லை என்பதை ஒப்புக்கொள்வார், நானும் ஒப்புக்கொள்கிறேன். குலுக்கல் முறையில் குழு பிரித்தலும், மருந்து எது என்பதை அளப்பவரிடமிருந்து மறைத்தலும் அதனால்தான் கட்டாயம். விலங்கு ஆய்வுகளை எழுதும் முறைக்கான அரைவ் வழிகாட்டுதல்கள் 2010இல் வந்தன, 2020இல் திருத்தப்பட்டன. இருந்தும் இவ்விரண்டையும் குறிப்பிடாத கட்டுரைகள் இன்னும் வருகின்றன.

இதைவிட விசித்திரமான ஒன்று 2014இல் தெரியவந்தது. ஆண் ஆய்வாளர் அருகில் இருந்தாலே எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன. ஆண் அணிந்து கழற்றிய சட்டையை அருகில் வைத்தாலும் அப்படியே. ஆண் விலங்கின் வாசம் ஏற்படுத்தும் பதற்றம் வலியைத் தற்காலிகமாக அடக்குகிறது என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். ஒரே ஆய்வகத்தில் ஒருவர் விடுப்பில் சென்று மற்றொருவர் அளந்தால் எண்கள் ஏன் மாறின என்று முன்பு குழம்பியவர்களுக்கு இது ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

விலங்கின் பாலினமும் அப்படியே. வலி ஆய்வுக்கான முன்னணி இதழ் ஒன்றில் பத்தாண்டுகளில் வந்த விலங்கு ஆய்வுகளை 2005இல் கணக்கெடுத்தபோது, 79 விழுக்காட்டில் ஆண் விலங்குகள் மட்டுமே பயன்பட்டிருந்தன. நாட்பட்ட வலியால் அதிகம் துன்புறுபவர்களோ பெண்கள். பெண் விலங்கின் இனப்பெருக்கச் சுழற்சி எண்களைக் குழப்பிவிடும் என்பது வழக்கமான சாக்கு. அப்படிப் பெண் விலங்குகளை ஒதுக்கினால் என்ன தவறிப்போகும் என்பதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தண்டுவடத்தில் உள்ள மைக்ரோகிளியா என்ற பாதுகாப்புச் செல்களை அடக்கினால் ஆண் சுண்டெலிகளின் கூருணர்ச்சி தணிந்தது. பெண் சுண்டெலிகளிடம் எந்த மாற்றமும் இல்லை. அவற்றிடம் அதே கூருணர்ச்சி வேறு வகைச் செல்களின் வழியே எழுந்ததாகத் தெரிந்தது. மைக்ரோகிளியாவைக் குறிவைத்து ஆண் விலங்குகளில் மட்டும் உருவாக்கப்பட்ட மருந்து பெண் நோயாளிகளிடம் எப்படிப் பலிக்கும்?

மருந்தளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று படித்ததும், 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு 6,000 மில்லிகிராம் என்று கணக்கிடுவது தவறு. சிறிய விலங்கின் வளர்சிதை மாற்றம் வேகமானது என்பதால், உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும்போது எலியின் அளவை 6.2ஆலும் சுண்டெலியின் அளவை 12.3ஆலும் வகுப்பது வழக்கம். அதன்படி 100 மில்லிகிராம் என்பது மனிதரில் கிலோவுக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம். 60 கிலோவுக்கு ஏறத்தாழ 970 மில்லிகிராம். கபாபென்டின் என்ற மருந்துக்கு இந்தக் கணக்கு நடைமுறையோடு ஓரளவு ஒத்துப்போகிறது. நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 900 முதல் 3,600 மில்லிகிராம் வரை தருகிறார்கள். ஆனால் முதல் மனிதச் சோதனையில் பாதுகாப்பான தொடக்க அளவைக் காண உதவும் மதிப்பீடுதான் இது. மருந்து எங்கே போய்ச் சேர்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது இதனால் தெரியாது.

இப்போது பொய்த்துப்போன கதைகள். எல்லாம் ஒரே காரணத்தால் பொய்க்கவில்லை என்பதால் இவற்றைத் தனித்தனியே பார்ப்பது பயனுள்ளது.

சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருள் 1931இல் கண்டறியப்பட்டது. வலியைச் சுமக்கும் நரம்புகளில் அது நிறைந்திருப்பது பின்னர் தெரிந்தது. அது சென்று ஒட்டும் ஏற்பியை அடைத்தால் விலங்குகளின் வலி நடத்தைகள் தணிந்தன. மனிதச் சோதனைகளிலோ அந்த வகை மருந்துகள் அடுத்தடுத்துத் தோற்றன. அவற்றுள் ஒன்றான அப்ரெபிடன்ட், கீமோதெரபியால் வரும் வாந்திக்கான மருந்தாக 2003இல் ஒப்புதல் பெற்று இன்றும் பயன்படுகிறது. எலியின் காலுக்கும் மனிதரின் வலிக்கும் இடையே உள்ள தூரத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஃபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி, உடல் தானே சுரக்கும் கஞ்சா போன்ற ஒரு பொருளைச் சிதைப்பது. அதைத் தடுத்தால் எலிகளுக்கு வலி குறைந்தது. மூட்டுத் தேய்மான வலியுள்ள நோயாளிகளுக்கு ஒரு தடுப்பானைக் கொடுத்தபோது நொதி நன்றாகவே அடங்கியது. இயற்கைப் பொருளின் அளவு உயர்ந்தது. வலி மட்டும் குறையவில்லை. மருந்து போதவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத தோல்வி அது. அதே நொதியைத் தடுக்கும் மற்றொரு பொருளை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நலமான தன்னார்வலர்களுக்குத் தொடர்ந்து பல நாட்கள் கொடுத்தபோது, ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். எலி, நாய், குரங்கு ஆகியவற்றில் சோதிக்கப்பட்ட பின்னரே அது மனிதருக்கு வந்தது. குறிவைத்த நொதியைத் தவிர வேறு பல நொதிகளையும் அந்தப் பொருள் தாக்குவதாக அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மூன்றாவது கதை மனிதரிடமிருந்தே தொடங்குகிறது. பிறவியிலேயே வலி அறியாத சிலரை பாகிஸ்தானின் சில குடும்பங்களில் கண்டு, நேவ் 1.7 என்ற சோடியம் சானலுக்கான (நரம்புச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயிலுக்கான) மரபணு அவர்களிடம் செயலிழந்திருப்பதை 2006இல் வெளியிட்டார்கள். இதைவிட வலுவான சான்று வேண்டுமா என்று பல நிறுவனங்கள் அந்தச் சானலை அடைக்கும் மருந்துகளைத் தேடிப் புறப்பட்டன. எலிகளில் நல்ல முடிவுகளும் வந்தன. நீரிழிவு நரம்பு வலியுள்ள நோயாளிகளிடம் பலன் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. அதன் நெருங்கிய உறவான நேவ் 1.8ஐ அடைக்கும் சூசெட்ரிஜின், 2025 ஜனவரியில் திடீர் வலிக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்தப் பொருள் மனிதரின் சானலில் மிக வலுவாகவும், எலியின் சானலில் மிகக் குறைந்த ஆற்றலோடும் ஒட்டுகிறது. எலியை மட்டும் நம்பித் தேடியிருந்தால் அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கக்கூடும். அதே மருந்தை இடுப்பு நரம்பு நசுங்கிய நாட்பட்ட வலியில் சோதித்தபோது, பத்துக்கு ஏறத்தாழ 2 புள்ளிகள் வலி குறைந்தது. மருந்தற்ற மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ 2 புள்ளிகளே குறைந்தது. மருந்தற்ற மாத்திரையால் நோயாளிக்கு உண்டாகும் இந்த ஆறுதல் எலிக்கு நம் சோதனைகளில் உண்டாவதில்லை. எனவே எலியில் பெரிதாகத் தெரிந்த இடைவெளி மனிதரில் சுருங்கிவிடுகிறது.

இவ்வளவையும் படித்தபின் விலங்குச் சோதனையே வீண் என்ற முடிவுக்கு வந்தால் அதுவும் தவறாகும். கடலில் வாழும் கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைட், எலிகளில் பலித்து, 2004 டிசம்பரில் கடும் நாட்பட்ட வலிக்கு ஒப்புதல் பெற்றது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டியிருப்பதும், குழப்பம், மனமயக்கம் போன்ற பின்விளைவுகளும் அதன் பயனைக் கட்டுப்படுத்துகின்றன. நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் எந்த வழியில் வேலை செய்கிறது என்பதைச் சுண்டெலிகள்தான் தீர்த்துவைத்தன. கால்சியம் சானலின் ஆல்ஃபா-2-டெல்டா என்ற துணையலகில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய சுண்டெலிகளிடம் அந்த மருந்து வலியைக் குறைக்கவில்லை என்று 2006இல் காட்டப்பட்டது. மனிதரில் செய்யவே முடியாத சோதனை அது. ஒரு மருந்து எந்தப் பூட்டைத் திறக்கிறது என்ற கேள்விக்கு விலங்கு மாதிரி நன்றாகவே விடை சொல்கிறது. அந்தப் பூட்டுதான் இந்த நோயாளியின் வலிக்குக் காரணமா என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல முடியாது.

அதோடு, இந்த மாதிரிகள் நம்பத்தக்கவை என்று எப்படி முடிவு செய்தோம் என்பதையும் கவனிக்க வேண்டும். வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன் முகநரம்பு வலிக்கு உதவுவதை 1960களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் நோயாளிகளிடமே கண்டார்கள். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலினும், வலிப்புக்கான கபாபென்டினும் நோயாளிகள் வழியாகவே நரம்பு வலிக்கு வந்தன. பின்னர் இவை எலிகளில் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, செய்கின்றன என்றதும் மாதிரி சரியானது என்று கொண்டோம். அப்படித் தேர்ந்த மாதிரி, ஏற்கெனவே உள்ள மருந்துகளைப் போன்றவற்றை எளிதாக அடையாளம் காணும். முற்றிலும் புதிய வழியில் செல்லும் மருந்தை அது சரியாக மதிப்பிடும் என்பதற்கு உறுதி கிடையாது. ஏற்கெனவே உள்ளவையும் அற்புதங்கள் அல்ல. 2015இல் வெளிவந்த விரிவான ஒரு தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, பிரிகாபலினை ஏறத்தாழ 8 பேருக்கும், அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ 4 பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விலங்குகளின் துன்பத்தைப் பற்றிக் கேள்வியில் இல்லை. ஆனாலும் அதைத் தவிர்த்துவிட்டுச் செல்ல மனம் வரவில்லை. வலியை ஆராயும்போது மட்டும், அறுவைக்குப் பின் தொடர்ந்து வலிநீக்கி கொடுக்க முடியாது. கொடுத்தால் அளக்க வேண்டியதே மறைந்துபோகும். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த, மாற்றுவழி தேடுதல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என்ற மூன்று நெறிகளும், வலி ஆய்வுக்கென்றே 1983இல் சிம்மர்மன் எழுதிய நெறிமுறைகளும் இங்கே அதிகக் கவனத்தோடு பின்பற்றப்பட வேண்டியவை. ஒளிக்கற்றையிலிருந்து எலி எந்த நேரமும் காலை விலக்கிக்கொள்ள முடிவது அதனால்தான். மோசமாகத் திட்டமிடப்பட்ட ஆய்வில் எலிகள் பட்ட வலி எவருக்கும் பயன்படாமல் போகிறது. உறுப்புக் கொடையாளர்களிடமிருந்து பெறப்படும் மனித நரம்புமுடிச்சுகளில் மருந்தை நேரடியாகச் சோதிப்பது இன்று வளர்ந்துவருகிறது. சூசெட்ரிஜின் போன்ற பொருட்களுக்கு எலியைவிட அது நல்ல வழிகாட்டி. ஆனால் தட்டில் கிடக்கும் நரம்பு எரிகிறது என்று சொல்லாது.

இனி, அந்தச் செய்தியில் எவற்றைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லலாம். நரம்பு பழுதாவதற்கு முன்பே மருந்து கொடுத்தார்களா, வலி நிலைபெற்ற பிறகா? முன்பே என்றால், தாயின் நிலைக்கு அது பொருந்தாது. ஒரே ஒரு வேளையா, வாரக்கணக்கிலா? ஒரு வேளையில் கிடைத்த பலன் தொடர்ந்து கொடுக்கும்போது தேய்ந்துபோவதுண்டு. ஒரே மாதிரியிலா, பல மாதிரிகளிலா? ஆண் விலங்குகள் மட்டுமா? இழுத்தலைத் தவிர வேறு எதையாவது அளந்தார்களா? மற்றோர் ஆய்வகம் அதே முடிவைப் பெற்றதா? வழக்கமான ஒரு மருந்தை அருகில் வைத்து ஒப்பிட்டார்களா? பெரும்பாலான செய்திகளில் இவற்றுள் ஒன்றுக்கும் விடை இருக்காது. மூலக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில்தான் இருக்கும்.

ஆய்வுக்கென்று விற்கப்படும் பொருளை வாங்கிக் கொடுப்பது ஏன் கூடாது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஈ.எம்.ஏ. 401 என்ற பொருள் நரம்பு வலிக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது. எலிகளில் பலித்தது, அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலியுள்ள நோயாளிகளுக்கு 28 நாட்கள் கொடுத்துப் பார்த்தபோது மருந்தற்ற மாத்திரையைவிட வலியைக் குறைத்தது என்று 2014இல் வெளியான முடிவுகள் சொல்லின. இந்த வரிசையில் இத்தனை தூரம் வந்த பொருட்கள் மிகச் சில. அடுத்த கட்டச் சோதனைகள் நடந்துகொண்டிருக்கையில், இணையாக நடந்த நீண்டகால விலங்கு ஆய்வில் கல்லீரல் பாதிப்பு தென்பட்டது. சோதனைகள் உடனே நிறுத்தப்பட்டன. நான்கு வாரங்களில் அது எந்த நோயாளியிடமும் வெளிப்படவில்லை. தாயின் வலி சில வாரங்களோடு முடிவதன்று. அவர் ஏற்கெனவே நீரிழிவுக்கான மருந்துகளை எடுப்பவர், சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்தே மருந்தளவு முடிவு செய்யப்பட வேண்டியவர். தூய்மையும் அளவும் உறுதியற்ற ஒரு பொடியை அவர் நாள்தோறும் உட்கொண்டால், எவரும் அவருடைய கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டிருக்கமாட்டார்கள். இப்போது எடுக்கும் மருந்து போதவில்லை என்றால், அதன் அளவு உச்சம் வரை உயர்த்தப்பட்டதா, வேறு வகை மருந்து தனியாகவோ சேர்த்தோ முயலப்பட்டதா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். புதிய மருந்தையே முயல வேண்டுமென்றால், பதிவுசெய்யப்பட்ட மனிதச் சோதனை ஏதேனும் ஆட்களைச் சேர்க்கிறதா என்றும் அவரிடமே விசாரியுங்கள். அங்கே மருந்துக்குப் பதிலாக வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டில் எது கிடைத்தாலும் குறித்த நாட்களில் இரத்தம் எடுத்துக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.